வேலை முடிந்த மாலை: மதுரையில் கள்ளுக்கடை, தேநீர்க்கடை, மதுக்கூடம்

வேலை முடிந்தபின் உடன் வேலை செய்வோர் ஒன்றாகக் கூடிப் பானம் அருந்துவதும், அதனுடன் சிறிது தின்பண்டம் உண்பதும் உலகின் பல நகரங்களில் காணப்படும் வழக்கமாகும். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களிலும் இவ்வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. குவளையில் இருந்த பானம் காலந்தோறும் மாறியது. சங்க காலத்தில் தேறலாகவும், ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளும் சாராயமுமாகவும், மதுவிலக்குக் காலத்தில் தேநீராகவும், இன்று அரசுக் கடை மதுவாகவும் அது இருந்துள்ளது. இம்மாற்றங்களில் பெரும்பாலானவை குடிப்போரின் விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. வரி, உரிமம், மதுவிலக்குச் சட்டம், வேலை நேரம், கூலி தரும் முறை ஆகியவை சேர்ந்தே அவற்றைத் தீர்மானித்தன.

சொற்களும் பொருளும்

இன்று நட்சத்திர விடுதிகளின் மதுக்கூடங்களில் மாலையில் சில மணி நேரம் மதுவைக் குறைந்த விலைக்குத் தருவதை ‘ஹாப்பி ஹவர்’ என்று அழைக்கின்றனர். இச்சொல் முதலில் மதுவோடு தொடர்பு உடையதாக இருக்கவில்லை. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் மாலுமிகளுக்காக நடத்தப்பட்ட பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு இப்பெயர் வழங்கியது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது, இரவு உணவுக்குச் செல்லுமுன் மறைவாகக் கூடிக் குடிக்கும் பழக்கம் பரவியது. பின்னர் இச்சொல் மாலைக் குடிக்குப் பெயராயிற்று.

தமிழில் இதற்கு இணையாக ஒற்றைச் சொல் இல்லை. ஆனால் மதுவுடன் உண்ணும் சிறு உணவுக்குப் பல சொற்கள் உள்ளன. ‘தொட்டுக்க’, ‘கடிச்சுக்க’ என்பன பேச்சு வழக்கு. சென்னைப் பகுதியில் ‘சாக்கணா’ என்பர். ‘சைடு டிஷ்’ என்பது இன்று எங்கும் வழங்குகிறது. வேலை இடத்து நண்பர்களில் ஒருவர் எல்லோருக்குமாகச் செலவு செய்வது ‘பார்ட்டி’ அல்லது ‘ட்ரீட்’ எனப்படுகிறது. பதவி உயர்வு, புது வண்டி, குழந்தைப் பேறு, ஊதிய உயர்வு ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்களாகும்.

சங்க கால மதுரை

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் தலைநகரை விரிவாகக் காட்டும் நூலாகும். அதில் பகலில் இயங்கும் நாளங்காடியும் மாலைக்குப் பின் இயங்கும் அல்லங்காடியும் பேசப்படுகின்றன. நகரத் தெருக்களில் பறந்த பலவகைக் கொடிகளுள் கள் விற்கும் இடத்தைக் காட்டும் கொடியும் ஒன்று. எழுத்தறியாதவரும் வெளியூராரும் கடையை அடையாளம் காண அக்கொடி பயன்பட்டது எனலாம். தின்பண்டம் விற்போரும் இரவில் நெடுநேரம் வரை தெருக்களில் இருந்தனர். மதுரைக்கு இன்று வழங்கும் ‘தூங்கா நகரம்’ என்ற பெயருக்கு இந்நூலையே பலரும் சான்றாகக் காட்டுகின்றனர்.

சங்க இலக்கியம் மதுவைக் கள், நறவு, மட்டு, தேறல், தோப்பி எனப் பல பெயர்களால் குறிக்கிறது. இவற்றுள் தோப்பி அரிசியிலிருந்து வடித்த மது. வீரர்க்கும் பாணர்க்கும் மன்னர்கள் மதுவும் இறைச்சியும் அளித்ததைப் பல பாடல்கள் சொல்கின்றன. அது விருந்தாக மட்டும் அமையவில்லை. போர் செய்தமைக்கும் பாடியமைக்கும் கிடைத்த ஊதியத்தின் ஒரு பகுதியாகவும் அது இருந்தது. அதியமானுக்காக ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடலில், அவன் மதுவைப் பகிர்ந்துகொண்ட விதமே நட்பின் அடையாளமாக நினைவுகூரப்படுகிறது. பகிர்ந்து குடிப்பதை உயர்வாகக் கருதிய இம்மரபுக்கு எதிரான குரலும் தமிழில் பழமையானதே. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் ‘கள்ளுண்ணாமை’. குடிப்பவர் தாயின் முன்னும் சான்றோர் முன்னும் மதிப்பிழப்பதை அது கண்டிக்கிறது.

பனையும் கள்ளும்

மதுரைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள வறண்ட சமவெளியில் பனை மிகுதி. வைகைப் பாசனப் பகுதிகளில் தென்னை மிகுதி. இவ்விரு மரங்களின் பாளையைச் சீவி வடிக்கும் சாறே கள்ளுக்கு மூலப்பொருள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும். அது பதநீர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் காற்றிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை விரைந்து சாராயச் சத்தாக மாற்றுகின்றன. சில மணி நேரத்தில் அது கள்ளாகும். ஒரு நாள் கடந்தால் புளித்துக் காடியாகத் தொடங்கும்.

இந்த இயல்பு கள்ளுக்கடையின் வடிவத்தையே தீர்மானித்தது. கள்ளை நெடுநாள் சேமிக்க முடியாது. தொலைவுக்குக் கொண்டு செல்வதும் கடினம். எனவே மரங்களுக்கு அருகிலேயே, ஊர் எல்லையில் அல்லது வயலோரத்தில், கீற்றுக் கொட்டகையாகக் கடை அமைந்தது. இறக்கிய கள்ளை அன்றே குடித்து முடிக்க வேண்டியிருந்ததால், களத்திலிருந்தும் கிணற்று வேலையிலிருந்தும் திரும்பும் கூலியாட்கள் மாலையில் அங்குக் கூடினர். அவித்த மொச்சை, சுண்டல், முட்டை, கருவாடு, மீன் குழம்பு, ஆட்டுக் குடல், இரத்தப் பொரியல் போன்றவை அங்குக் கிடைத்தன. இவற்றில் பல, விலை குறைந்த இறைச்சிப் பகுதிகளிலிருந்து செய்யப்பட்டவை. பகல் முழுதும் உடல் உழைத்தவருக்கு அது தின்பண்டமாகவும் இரவு உணவின் ஒரு பகுதியாகவும் இருந்தது.

அறுவடைக் காலத்தில் நெற்கூலியோடு கள்ளும் தரும் வழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் இருந்தது. உடல் வலியை மறக்க அது உதவியது. அதே வேளையில் கூலியின் ஒரு பங்கு வீட்டுக்குச் செல்லாமல் களத்திலேயே முடிந்தது. மாலைக் குடியைப் பற்றிய பிற்கால விவாதங்கள் அனைத்திலும் இக்கேள்வியே மீண்டும் மீண்டும் எழுந்தது: கூலியில் எவ்வளவு வீடு சேர்கிறது?

ஆப்காரி வருவாய்

ஆங்கிலேயர் ஆட்சியில் மதுவின் மீதான வரி ‘ஆப்காரி’ எனப்பட்டது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது வடித்தல், இறக்குதல், விற்றல் ஆகிய அனைத்தையும் அரசின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி செலுத்த வேண்டும். விற்பனை உரிமை ஏலத்தில் விடப்பட்டது. அதிகத் தொகை கேட்டவர் கடையை எடுத்தார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவது தனியாக நடத்தப்பட்டது.

ஏலத் தொகையை மீட்க வேண்டிய கடைக்காரருக்கு விற்பனையைப் பெருக்குவதே வழி. தொழிலாளர் குடியிருப்பு, சந்தை, வண்டிப்பேட்டை ஆகியவற்றின் அருகே கடை இருந்தால் ஏலமும் உயரும். இவ்வாறு மாலைக் குடி அரசின் வருவாய்க் கணக்கில் இடம்பெற்றது. நில வரிக்கு அடுத்த நிலையில் ஆப்காரி சென்னை மாகாணத்தின் முதன்மை வருவாய்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஆங்கிலேய அதிகாரிகளும் நிறுவன மேலாளர்களும் தம் மாலைப் பொழுதைத் தமக்கான மன்றங்களில் கழித்தனர். அங்கு இந்தியருக்கு இடம் அரிது. ஒரே இடத்தில் பணியாற்றியவர்கள் மாலையில் எங்கே, யாருடன் அமரலாம் என்பதை இனமும் சாதியும் ஊதியமும் பிரித்தன.

ஆலைச் சங்கும் சம்பள நாளும்

மதுரையின் மாலையை மாற்றிய பெரிய நிகழ்வு பஞ்சாலைகளின் வருகை. ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரை ஆலை 1890களில் ரயில் நிலையத்துக்கு அருகே இயங்கத் தொடங்கியது. மக்கள் அதை ‘ஹார்வி மில்’ என்றே அழைத்தனர். 1920களில் கருமுத்து தியாகராசர் மீனாட்சி ஆலையை நிறுவினார். தி. வே. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் போக்குவரத்துத் தொழிலில் வளர்ந்து, பணிமனைகளில் பலருக்கு வேலை தந்தது.

வயல் வேலை பருவத்தைப் பொறுத்தது. ஆலை வேலை சங்கொலியைப் பொறுத்தது. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாயிலை விட்டு வெளியே வந்தனர். அவர்கள் வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு சாதியினர். ஆயினும் ஒரே பகுதியில், ஒரே முறையில் வேலை செய்ததால் புதிய வகைத் தோழமை உருவாயிற்று. ‘ஷிப்டு’, ‘டிபார்ட்மெண்டு’ ஆகிய சொற்கள் அவர்களுடைய பேச்சில் கலந்தன.

மாலை என்ற ஓய்வுப் பொழுதே சட்டத்தால் சிறிது சிறிதாகக் கிடைத்ததாகும். 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணியாக வரையறுத்தது. 1922இல் அது 11 மணியாகவும், 1934இல் முழு ஆண்டும் இயங்கும் ஆலைகளில் 10 மணியாகவும் குறைந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வகுத்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவருக்கும் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் செய்தவருக்கும் மாலை ஒன்றாக இருக்க முடியாது.

இந்த நேரக் குறைப்பின் பின்னணியில் தொழிற்சங்கப் போராட்டமும் இருந்தது. வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் 1918இல் மதுரை ஆலைத் தொழிலாளருக்காகச் சங்கம் அமைக்க முன்நின்றார். கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் அதன் கோரிக்கைகளாக இருந்தன. ஆலை வாயிலுக்கு வெளியே கூடிப் பேசும் இடங்கள் சங்கத்துக்கும் தேவைப்பட்டன.

கூலி தரும் முறையும் மாலையைப் பாதித்தது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், தொழிற்சாலைகளில் ஊதியத்தை நாணயமாகவோ நோட்டாகவோ தர வேண்டும் என்றது. ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் ஏழாம் நாளுக்குள்ளும் மற்ற இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் தர வேண்டும். கள்ளைக் கூலியாகத் தரும் பழக்கத்துக்கு ஆலையில் இடமில்லாமல் போயிற்று. ஆனால் மாதத்தில் ஒரு நாள் எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் பணம் இருந்தது. சம்பள நாளன்று ஆலை வாயிலில் கடன்காரர், துணி விற்போர், மளிகைக் கணக்குக்காரர் ஆகியோருடன் மதுக்கடையும் போட்டியிட்டது. அன்று வீட்டிலிருந்தோர் கணவரின் வரவை எதிர்பார்த்து நின்றதற்குக் காரணம் இதுவே.

மாலைக் கூட்டத்தில் பெண் தொழிலாளருக்கு இடமிருக்கவில்லை. அவர்களுக்கு ஆலை வேலை முடிந்தபின் வீட்டு வேலை தொடங்கியது. வேலை நேரக் குறைப்பு ஆண்களுக்குத் தந்த ஓய்வைப் பெண்களுக்கு அதே அளவில் தரவில்லை.

மறியலும் மதுவிலக்கும்

ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921 செப்டம்பரில், காந்தி மதுரைக்கு வந்தார். மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, செப்டம்பர் 22 அன்று மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அந்த ஆண்டில் கதர், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றுடன் கள்ளுக்கடை மறியலும் காங்கிரசின் முதன்மைப் பணியாக இருந்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமி தம் தோப்பின் தென்னை மரங்களை வெட்டினார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்நின்றனர். 1931இன் காந்தி-இர்வின் உடன்பாடு, அமைதியான முறையில் மதுக்கடை மறியல் செய்ய இடம் தந்தது.

மறியலுக்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, குடும்பங்களைக் குடியிலிருந்து மீட்பது. மற்றொன்று, அயலாட்சியின் வருவாயைக் குறைப்பது. திருச்செங்கோட்டில் காந்தி ஆசிரமத்தை நடத்திய ராஜாஜி, ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழை வெளியிட்டார். அதில் கல்கி உதவியாசிரியராகப் பணியாற்றினார். 1937இல் ராஜாஜி மாகாண முதலமைச்சரானதும் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கு விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. மது அருந்துவோரிடம் மட்டும் பெற்ற வரி இவ்வாறு எல்லோரும் வாங்கும் பொருள்களின் மீது படர்ந்தது.

காங்கிரஸ் அமைச்சரவை விலகியபின் போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1946இல் மீண்டும் தொடங்கிப் படிப்படியாக விரிந்து, 1948 அக்டோபர் 2 அன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. மதுரையின் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன.

இதனால் குடும்பங்களுக்குப் பயன் கிடைத்தது. ஆனால் பனையேறிகள் வேலை இழந்தனர். அவர்களைப் பதநீர், கருப்பட்டித் தொழிலுக்கு மாற்றக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. கருப்பட்டி காய்ச்சுவதற்கு விறகும் வீட்டுப் பெண்களின் உழைப்பும் மிகுதியாகத் தேவை. கிடைத்த வருமானமோ குறைவு. மறுபுறம் கள்ளச் சாராயம் பெருகியது. மருந்துக் கடையில் கிடைத்த ‘ஜிஞ்சர்’, மரச்சாமான்களுக்குப் பூசும் மெருகெண்ணெய் ஆகியவற்றைக் குடித்தோரும் இருந்தனர். வசதியுள்ளோர் உடல்நலக் காரணம் காட்டி ‘பெர்மிட்’ பெற முடிந்தது. கூலித் தொழிலாளிக்கு அவ்வழி எட்டவில்லை.

தேநீர்க்கடையின் மாலை

மதுக்கடை மூடப்பட்டபோது மாலைக் கூட்டம் கலைந்து போகவில்லை, தேநீர்க்கடைக்கு நகர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழ் நடுத்தர வகுப்பின் அடையாளமாக இருந்தது. தேநீர் உழைப்பாளரின் பானமாகப் பரவியது. இந்தியத் தேயிலைக்கு உள்நாட்டில் சந்தை உருவாக்கத் தேயிலை வாரியத்தினர் ஊர் ஊராகச் சென்று விளம்பரம் செய்தனர். தொழிற்சாலைகளில் தேநீர் இடைவேளையையும் ஊக்குவித்தனர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் உணவகம் அமைக்கச் செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. வேலை நேரத்தில் குடித்துப் பழகிய தேநீரை வேலை முடிந்தபின் வாயிலுக்கு எதிரில் உள்ள கடையிலும் குடிப்பது இயல்பாயிற்று.

கள்ளுக்கடையின் பல கூறுகளைத் தேநீர்க்கடை ஏற்றுக்கொண்டது. பெஞ்சு, கடன் கணக்கு, ஒருவர் எல்லோருக்குமாகப் பணம் தருதல், அரசியல் பேச்சு ஆகியவை தொடர்ந்தன. மொச்சைக்கும் குடல் கறிக்கும் பதிலாகப் பருப்பு வடை, உளுந்த வடை, பஜ்ஜி, போண்டா, சுண்டல் வந்தன. நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது தேநீர்க்கடையின் தனிச்சிறப்பு. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் நாட்டு நடப்பு அங்கேதான் அறிமுகமாயிற்று.

மதுரைக்கே உரிய பானங்களும் மாலைப் பொழுதில் இடம்பெற்றன. அவற்றுள் பருத்திப்பால் குறிப்பிடத்தக்கது. பருத்தியிலிருந்து பஞ்சைப் பிரித்தபின் எஞ்சும் கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அரிசிமாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு சேர்த்துக் காய்ச்சுவர். கரிசல் நிலத்துப் பருத்தியையும் நூற்பாலைகளையும் நம்பி வாழ்ந்த வட்டாரத்துக்கு அது பொருத்தமான பானம். விலை குறைவு, பசி தாங்கும். கோடையில் ஜிகர்தண்டா விற்பனை மிகுதி. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரிப் பாகு, பனிக்கூழ் ஆகியவை அதில் சேரும். உருதுச் சொற்களான ‘ஜிகர்’, ‘தண்டா’ ஆகியவற்றிலிருந்து வந்த இப்பெயருக்கு நெஞ்சைக் குளிர்விப்பது என்று பொருள். விளக்குத்தூண் பகுதிக் கடைகளில் இன்றும் மாலையில் அலுவலக நண்பர்கள் கூட்டமாக நின்று அருந்துவதைக் காணலாம். இரவுப் பொழுதில் புரோட்டா, சால்னா, முட்டை, கறிதோசை விற்கும் கடைகள் அடுத்த கட்டமாக அமைகின்றன.

எனினும் தேநீர்க்கடை எல்லோருக்கும் சமமான இடமாக இருக்கவில்லை. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அதன் பிறகும் மதுரையைச் சுற்றிய பல சிற்றூர்களின் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை முறை நீடித்தது. தலித் மக்களுக்குத் தனிக் குவளை அல்லது தேங்காய்ச் சிரட்டை தரப்பட்டது; பெஞ்சில் அமர இடம் மறுக்கப்பட்டது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தபின்பும், 1955ஆம் ஆண்டின் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தபின்பும் இவ்வழக்கத்துக்கு எதிராகப் போராட்டங்கள் தேவைப்பட்டன. ஆலையில் அருகருகே நின்று வேலை செய்த இருவர், ஊர் திரும்பியதும் ஒரே கடையில் ஒரே குவளையில் தேநீர் அருந்த முடியாத நிலை இருந்தது. நகரின் ஆலைவாயில் கடை பலருக்குப் பிடித்தமான இடமாக இருந்ததற்கு இதுவும் காரணம்.

1971க்குப் பின்

1971 ஆகஸ்டு 30 அன்று மு. கருணாநிதி தலைமையிலான அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு ஈடு தர முன்வந்தபோது, முன்பே நடைமுறைப்படுத்திய தமிழ்நாட்டுக்கு அது கிடைக்கவில்லை என்பது அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் 1981இல் அவை மீண்டும் திறந்தன. 1983இல் மது மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தொடங்கப்பட்டது. 1987 முதல் கள் இறக்கி விற்பது தடை செய்யப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் தனியுரிமையாயிற்று.

இந்த மாற்றங்களின் விளைவாகப் பனைமரத்துக்கும் மாலைக் குடிக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயமே பிராந்தி, ரம் முதலியவற்றுக்கு அடிப்படையாயிற்று. கள்ளைவிடப் பல மடங்கு சாராயச் சத்து கொண்ட இவை 180 மில்லிலிட்டர் புட்டிகளில் விற்கப்படுகின்றன. அதற்குக் ‘குவார்ட்டர்’ என்று பெயர். ஒரு குவார்ட்டரை இருவர் பகிர்வது ‘கட்டிங்’. அன்றாடக் கூலி பெறும் இருவர் தம் பணத்தைச் சேர்த்துக் குடிக்கும் ஏற்பாடு அது.

2003ஆம் ஆண்டின் விதிகள் கடையையும் கூடத்தையும் பிரித்தன. மதுவை அரசுக் கடை விற்கும். அதையொட்டிய கூடத்தில் தின்பண்டங்களை விற்கவும் காலிப் புட்டிகளைச் சேகரிக்கவும் தனியாருக்கு ஒப்பந்தப்புள்ளி மூலம் உரிமம் தரப்படும். பானம் அரசுக்கும் ‘சைடு டிஷ்’ தனியாருக்கும் என வருவாய் பிரிந்தது. கள்ளுக்கடையின் சுண்டலும் குடல் கறியும் இங்குக் கோழி வறுவல், ஆம்லெட், ஊறுகாய், மாங்காய்த் துண்டு, பொரித்த மீன் எனத் தொடர்ந்தன. ஆனால் உட்கார்ந்து பேசும் வசதி இக்கூடங்களில் குறைவு. விரைவில் குடித்து விரைவில் வெளியேறுவதற்கான இடமாகவே பல அமைந்தன.

மது விற்பனையால் அரசுக்குக் கிடைக்கும் வருவாய் 2003-04இல் சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24இல் சுமார் 45,800 கோடி ரூபாய். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய வளர்ச்சி. ஏலக் காலத்தில் எழுந்த அதே முரண்பாடு இன்றும் உள்ளது. குடியைக் குறைக்க வேண்டிய அரசே அதன் வருவாயை நம்பியுள்ளது. 2016 மே மாதம் கடைகளின் நேரம் நண்பகல் 12 முதல் இரவு 10 மணி வரை எனக் குறைக்கப்பட்டு, 500 கடைகளை மூடுவதாக அறிவிக்கப்பட்டது. 2023 சூனில் மேலும் 500 கடைகள் மூடப்பட்டன. எதிர்முனையில், 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலிவான பானத்தைத் தேடியவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்.

இன்றைய மாலை

ஆலைகள் பலவும் நலிந்தபின் மதுரையின் வேலைவாய்ப்பு மருத்துவமனைகள், கல்வி நிறுவனங்கள், வணிகம், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு மாறியது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உள்ளன. இங்கு ஊதியம் வங்கிக் கணக்குக்குச் செல்வதால் சம்பள நாள் கூட்டம் இல்லை. வார இறுதி மாலையே கூடும் நேரம். நட்சத்திர விடுதிகளின் உரிமம் பெற்ற மதுக்கூடங்கள், உணவகங்கள், குளிர்பானக் கடைகள் ஆகியவற்றில் இவர்கள் கூடுகின்றனர். பெண்கள் இக்கூட்டங்களில் பங்கேற்பது, பழைய ஆலைக்காலத்திலிருந்து வேறுபட்ட முக்கியமான மாற்றமாகும்.

புதிய சிக்கல்களும் உண்டு. மேலாளர் அழைக்கும் மாலைக் கூட்டத்துக்கு வர மறுப்பது எளிதன்று. குடிக்காதவர் ஒதுங்கியவராகக் கருதப்படுவதும், முக்கியமான அலுவலகச் செய்திகள் அங்கேயே பேசப்படுவதும், இரவில் பெண்கள் வீடு திரும்பும் பாதுகாப்பும் இன்றைய நிறுவனங்கள் எதிர்கொள்ளும் கேள்விகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. பூங்காக்கள் நகரின் விளிம்பில் இருப்பதால் இச்சட்டம் மாலைக் கூட்டத்தை நேரடியாகத் தொடுகிறது. குறைந்த விலை மாலைப் பொழுது விரைவாகவும் மிகுதியாகவும் குடிக்கத் தூண்டுகிறது என்பதால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1984இலேயே அதைத் தடை செய்தது.

வரலாற்று முக்கியத்துவம்

மதுரையின் மாலைக் கூட்டம் நிலைக்க மூன்று தேவைகள் இருந்தன. வேலை ஒரே நேரத்தில் முடிய வேண்டும்; கையில் சிறிது பணம் இருக்க வேண்டும்; தடையின்றி அமர ஓரிடம் வேண்டும். முதலாவதைத் தொழிற்சங்கமும் தொழிற்சாலைச் சட்டமும் பெற்றுத் தந்தன. இரண்டாவதை ஊதியச் சட்டம் உறுதி செய்தது. மூன்றாவதற்கான போராட்டம் சாதிக்கும் பாலினப் பாகுபாட்டுக்கும் எதிராக நீண்டது. மதுவிலக்குக் காலத்தில் வடையும் தேநீரும் கொண்டே அந்தக் கூட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. உடன் உழைத்தவரோடு சற்று நேரம் அமர்ந்து பேசுவதற்கு மது கட்டாயம் இல்லை என்பதற்கு அக்காலமே சான்று. அதே காலத்தின் கள்ளச் சாராயச் சாவுகளும் பனையேறிகளின் வறுமையும், சட்டத்தால் மட்டும் குடியை ஒழிக்க முடியாது என்பதைக் காட்டுகின்றன. ஆலைச் சங்கு பல இடங்களில் நின்றுவிட்ட பிறகும், மதுரைத் தெருக்களில் மாலை ஆறு மணிக்குத் தேநீர்க்கடைப் பெஞ்சுகள் நிறைகின்றன.